சி5, சி6 நரம்பு வேர் போன தோள்: இன்னும் ஆறு மாதம் பார்ப்பதா, இப்போதே திறப்பதா?

பி.ஜி_எலும்பு
வணக்கம். கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னலில் (சி5 முதல் டி1 வரை ஐந்து வேர்) மேல் இரண்டு வேர் அடிபட்ட ஒரு கேஸ் பற்றி மூத்தவர்களின் கருத்து வேண்டும். 26 வயது ஆண். டூவீலரிலிருந்து விழுந்து வலது தோள் தரையில் மோதியது, பத்து வாரம் ஆகிறது. தலைக் காயம் இல்லை. கிளாவிக்கிள் (காறை எலும்பு) நடுவில் முறிந்து, அதுவாகவே கூடிவருகிறது. தசை வலு 0 முதல் 5 வரையான கணக்கில், கையைப் பக்கவாட்டில் தூக்குவது 0, வெளிப்பக்கம் திருப்புவது 0, முழங்கை மடக்குவது 0. முழங்கை நீட்டுவது 4. மணிக்கட்டும் விரல்களும் 5. இமை, கண்மணி இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கின்றன. இ.எம்.ஜி. (நரம்பு, தசை மின் சோதனை) ரிப்போர்ட்டில் "மேல் டிரங்க், தீவிரப் பாதிப்பு" என்று ஒரே வரி (சி5, சி6 சேர்ந்த தண்டுதான் மேல் டிரங்க்). எம்.ஆர்.ஐ.யில் சி6 மட்டத்தில் சூடோமெனிங்கோசீல் (வேர் வெளிவரும் இடத்தில் தண்டுவட நீர் கசிந்து உண்டான பை), சி5 "தெளிவில்லை". யூனிட்டில் இரண்டு கட்சி. ஒன்று "ஆறு மாசம் ஃபிசியோ கொடுத்துப் பார்ப்போம்" என்கிறது, இன்னொன்று "இப்பவே அனுப்பு" என்கிறது. எது சரி?

ஊசிமுனை
"தீவிரப் பாதிப்பு" என்ற வரியை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் எண்கள் இருக்கும், அதைப் பாருங்கள். கட்டைவிரலில் எடுத்த மீடியன் நரம்பின் சென்சரி (உணர்வு) அலை இருக்கிறதா? முன்கை வெளிப்புறத்து லேட்டரல் ஆன்டிபிரேக்கியல் நரம்பின் அலை? அந்த இரண்டு இடத்திலும் நோயாளிக்குத் தொடு உணர்வு இருக்கிறதா? இந்த மூன்றும் தெரிந்தால்தான் மேலே பேசலாம்.

காரணம் இதுதான். உணர்வு நரம்பின் செல் தண்டுவடத்துக்கு வெளியே, வேர் முடிச்சில் உட்கார்ந்திருக்கிறது. வேர் தண்டுவடத்திலிருந்தே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாலும் செல்லுக்கும் தோலுக்கும் நடுவே உள்ள கம்பி அறுபடவில்லை. அதனால் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மெஷினில் அலை அழகாக வரும். அலை நன்றாக இருக்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் உண்டு. உணர்வில்லாத தோலில் அலை நன்றாக வந்தால் அது கெட்ட செய்தி.

டெஸ்ட் எந்தத் தேதியில் எடுத்தது என்பதும் முக்கியம். சென்சரி அலை அடங்கப் பத்துப் பதினோரு நாள் ஆகும். தசையில் ஃபிப்ரிலேஷன் (நரம்பு இழந்த தசை இழையின் தன்னிச்சைத் துடிப்பு) தெரிய மூன்று வாரம் ஆகும். விபத்து நடந்த வாரத்திலேயே எடுத்த ரிப்போர்ட் என்றால் கிழித்துப் போடுங்கள்.

பி.ஜி_எலும்பு
பார்த்துவிட்டேன் சார். ஆறாவது வாரத்தில் எடுத்தது. கட்டைவிரல் அலை இரண்டு கையிலும் கிட்டத்தட்ட சமம். முன்கை அலையும் அப்படியே. ஆனால் கட்டைவிரலில் பஞ்சு வைத்தாலும் ஊசி வைத்தாலும் அவருக்குத் தெரியவில்லை. பைசெப்ஸில் (முழங்கை மடக்கும் தசை) ஃபிப்ரிலேஷன் நிறைய, அவர் முயன்று இயக்கும் யூனிட் ஒன்றுகூட இல்லை.

ஊசிமுனை
அப்போது சி6 போய்விட்டது. முடிச்சுக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே. இதற்கு ஆறு மாசம் இல்லை, ஆறு வருஷம் ஃபிசியோ கொடுத்தாலும் அந்த வேர் திரும்பாது. எம்.ஆர்.ஐ.யில் பை தெரிவதும் அதற்கு ஒத்துப்போகிறது. பையை மட்டும் தனியாக நம்ப வேண்டாம். பை இருந்து வேர் இருப்பதும் உண்டு, பை இல்லாமல் வேர் போனதும் உண்டு. இங்கே இரண்டு சாட்சியும் ஒரே பக்கம் சொல்கின்றன.

சி5-க்கு என்னிடம் நல்ல சென்சரி டெஸ்ட் கிடையாது. அதைக் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். ராம்பாய்டு, செராட்டஸ் (இரண்டும் தோள்பட்டை எலும்பைப் பிடிக்கும் தசைகள்), உதரவிதானம் மூன்றும் எப்படி இருக்கின்றன?

நைலான்_10_0
ஊசிமுனை சொன்னதோடு சேர்த்துப் படியுங்கள்.

"காத்திருப்போம்" என்பது ஒரு சிகிச்சைதான், மறுக்கவில்லை. ஆனால் யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இழுபட்டு உள்ளேயே நசுங்கின, தானாக வளரக்கூடிய நரம்புக்காக மூன்று மாதம் பொறுப்பது நியாயம். பிடுங்கின வேருக்காகப் பொறுப்பதில் அர்த்தமே இல்லை. மூடிய இழுப்புக் காயத்தில் மூன்று மாதம் ஆகியும் பைசெப்ஸில் கையாலும் ஊசியாலும் ஒரு துடிப்புகூட இல்லையென்றால் திறக்க வேண்டும். பிடுங்கல் உறுதியானால் அந்த மூன்று மாதமும் வேண்டாம். கண்ணாடி, கத்தி கிழித்தது என்றால் மூன்று நாளுக்குள் திறந்து நேராகத் தைப்பது. குண்டுக் காயத்தை இழுப்புக் காயம் போலவே மூன்று மாதம் பார்ப்போம். ரத்தக் குழாய் போயிருந்தால் அன்று இரவே.

கணக்குப் போட்டால் ஏன் அவசரம் என்று புரியும். நரம்பு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். கழுத்திலிருந்து பைசெப்ஸ் வரை 25 செ.மீ. என்று வைத்தால் 250 நாள், தையலைத் தாண்ட இன்னும் ஒரு மாதம். ஒன்பது மாதம் ஆச்சு. நரம்பு கிடைக்காத தசையின் ஏற்பித் தகடுகள் (நரம்பு வந்து சேரும் இடங்கள்) 12 முதல் 18 மாதத்துக்குள் கெட்டுப்போகும். ஆறு மாதம் ஃபிசியோ கொடுத்துவிட்டு, ரெஃபரலுக்கு ஒரு மாதம், ஓ.டி. தேதிக்கு ஒரு மாதம் என்று போனால் நரம்பு வந்து சேரும்போது தசை கொழுப்பாகிக் கிடக்கும். ரயில் போன பிறகு பிளாட்ஃபார்முக்குப் போகிற கதை.

அதனால்தான் இந்த மாதிரிக் கேஸில் கழுத்திலிருந்து வளர விடாமல், தசைக்குப் பக்கத்திலேயே வேறு நரம்பிலிருந்து ஒரு கற்றையைத் திருப்பி விடுகிறோம். பாரிஸில் ஓபர்லின் 1994-ல் எழுதிய அல்னார் (சுண்டுவிரல் பக்க நரம்பு) கற்றை மாற்றுதான் இதற்கு அடித்தளம். அல்னாரின் ஒரு கற்றை பைசெப்ஸ் கிளைக்கு. மீடியனிலிருந்து இன்னொரு கற்றையை பிரேக்கியாலிஸ் (பைசெப்ஸுக்கு அடியில் உள்ள மடக்கும் தசை) கிளைக்கும் கொடுத்தால் மடக்கும் வலு இன்னும் கூடும். தோளுக்கு ஸ்பைனல் ஆக்ஸெஸரியை (டிரபீசியஸ் தசையின் நரம்பு) சுப்ராஸ்கேபுலாருக்கும் (தோளை வெளியே திருப்பும் தசையின் நரம்பு), டிரைசெப்ஸ் (முழங்கை நீட்டும் தசை) நீள் தலையின் கிளையை ஆக்ஸிலரியின் (டெல்டாய்டு என்ற தோள் தசையின் நரம்பு) முன் கிளைக்கும். பின்னதைத் தாய்லாந்தின் லீச்சவெங்வோங் குழு 2003-ல் வெளியிட்டது. மேல் பின்னல் காயத்துக்கு இந்த மூன்றும் சேர்ந்த தொகுப்புதான் இன்று பெரும்பாலோர் செய்வது.

கிராஃப்ட்_கட்சி
நைலான் சாரோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். மீதிக் கால்வாசிக்கு ஒரு சண்டை இருக்கிறது :)

கழுத்தைத் திறக்காமலே நேராகக் கைக்குப் போய் மாற்றுகளை முடிப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. சி6 பிடுங்கியிருக்கிறது, சரி. சி5 முடிச்சுக்கு வெளியே அறுந்திருந்தால் நல்ல துண்டு ஒன்று ஸ்கேலீன் (கழுத்துத் தசை) இடைவெளியில் காத்துக்கொண்டிருக்கும். அதில் ஆயிரக்கணக்கான ஆக்ஸான் (நரம்பு இழை) இருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் வேறு இடத்தில் கடன் வாங்க வேண்டும்? காலிலிருந்து சூரல் நரம்பை எடுத்து, சி5-லிருந்து மேல் டிரங்கின் பின் பிரிவுக்குப் பாலம் போட்டால் டெல்டாய்டு முழுவதுமே வாய்ப்புப் பெறும்.

எனக்கு உறுத்துவது டிரைசெப்ஸ் கடன். இவருக்கு முழங்கை நீட்டல் 5 இல்லை, 4. சி7-லும் கொஞ்சம் அடி இருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்ட டிரைசெப்ஸில் ஒரு தலையை எடுத்தால் கொடுக்கும் இடமும் பலவீனம், வாங்கும் இடமும் பலவீனம்.

நைலான்_10_0
டிரைசெப்ஸ் பற்றிச் சொன்னது நியாயம். நீள் தலையைத் தனியாகத் தொட்டுப் பாருங்கள் என்று பி.ஜி.க்குச் சொல்ல வேண்டும். கையின் பின் உள்பக்கத்தில் விரல் வைத்து நீட்டச் சொன்னால் அது கெட்டியாகிறதா என்று தெரியும். அது 4-க்குக் குறைவாக இருந்தால் நானும் எடுக்க மாட்டேன்.

கிராஃப்ட்டில் எனக்குள்ள தயக்கம் இரண்டு. ஒட்டு நரம்பின் நீளம் ஏழு முதல் பத்து செ.மீ.யைத் தாண்டினால் பலன் சரியும். இரண்டாவது, துண்டு நல்லதா என்று மேசையில் யார் சொல்வது? வெட்டும்போது கற்றைகள் புடைத்து, ஈரமாக வெளியே தள்ள வேண்டும், புள்ளிப் புள்ளியாக ரத்தம் கசிய வேண்டும். வெள்ளையாக, ரப்பர் மாதிரி இருந்தால் அது தழும்பு, இன்னும் பின்னால் வெட்டு. வெட்டி வெட்டி முதுகெலும்புத் துளை வரை போனால் கதை முடிந்தது. உறைநிலை பயாப்ஸியும் மேசையிலேயே தூண்டல் பதிவும் இருக்கிற இடத்தில் உங்கள் வழி நல்ல வழி. இல்லாத இடத்தில் யூகம்.

கிராஃப்ட்_கட்சி
ஒப்புக்கொள்கிறேன். ஒட்டு போடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: இடைவெளியை அளந்து பத்து முதல் பதினைந்து சதவீதம் கூடுதல் நீளம் வெட்டுங்கள், கழுத்தைத் திருப்பினாலும் இழுக்கக் கூடாது. ஃபிரீனிக் (உதரவிதான) நரம்பு முன் ஸ்கேலீன் தசையின் மேல் குறுக்காக ஓடும், அதைப் பிடித்து மேலே போனால் சி5 கிடைக்கும். தழும்பில் வழி தெரியாமல் தவிக்கும்போது இதுதான் கைகாட்டி. கிளாவிக்கிள் கூடின கேலஸ் (புது எலும்பு) அடியில் ஒட்டியிருக்கும், சப்கிளேவியன் ரத்தக் குழாய் அங்கேயே. அவசரம் வேண்டாம்.

வேப்பரைசர்
மயக்க மருந்துப் பக்கத்திலிருந்து மூன்று விஷயம். இதை ஓ.டி. காலையில்தான் எல்லோரும் யோசிக்கிறார்கள்.

சக்ஸாமெத்தோனியம் (தசை தளர்த்தி மருந்து) கொடுக்காதீர்கள். நரம்பு போன தசையில் அசிடைல்கோலின் ஏற்பிகள் பரவிக் கிடக்கும், பொட்டாசியம் திடீரென ஏறலாம். பத்து வாரம் என்பது அந்த ஆபத்துக்கு நல்ல நேரம். டியூப் போட ரோகுரோனியம் (வேறொரு தளர்த்தி) கிலோவுக்கு 0.6 மி.கி. ஒரே டோஸ், சர்ஜன் நரம்பைத் தூண்டத் தொடங்குமுன் சுகமாடெக்ஸ் கொடுத்து அதை முறித்துவிடுங்கள். பிறகு தளர்த்தி வேண்டாம், ப்ரோப்போஃபால் அல்லது செவோஃப்ளூரேனும் ஓபியாய்டும் போதும்.

தளர்த்தி இறங்கிவிட்டதா என்று காட்டும் நரம்புத் தூண்டல் மானிட்டரை நல்ல கையிலோ காலிலோ வைக்க வேண்டும். செத்த கையில் வைத்தால் பொய் சொல்லும்.

கழுத்தில் பிளாக் (நரம்பை மரக்கவைக்கும் ஊசி) வேண்டாம், வெட்டுமிடத்தில் லிக்னோகெய்னும் வேண்டாம். நரம்பு மரத்துப்போனால் சர்ஜன் ஸ்டிமுலேட்டரைத் தொட்டுத் தொட்டு ஒன்றும் அசையவில்லை என்று திட்டுவார். ரத்தம் குறைய வெறும் அட்ரீனலின் கலந்த சலைன் போதும்.

நைலான்_10_0
கையில் டூர்னிக்கேயும் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை) கட்டக் கூடாது. அரை மணியில் நரம்பு பதில் சொல்வதை நிறுத்திவிடும்.

கேட்பவர்களுக்காக ஓபர்லினின் அந்த இருபது நிமிடத்தை மட்டும் விரிவாக எழுதுகிறேன், தப்பு நடப்பது அங்கேதான்.

மேற்கையின் உள்பக்கம், அக்குள் முன் மடிப்பிலிருந்து கீழே எட்டுப் பத்து செ.மீ. கீறல். பைசெப்ஸை வெளிப்பக்கம் ஒதுக்கினால் மஸ்குலோகியூட்டேனியஸ் (பைசெப்ஸுக்கும் பிரேக்கியாலிஸுக்கும் போகும் நரம்பு) தெரியும். அக்ரோமியனிலிருந்து (தோளின் எலும்பு நுனி) சுமார் 12, 13 செ.மீ. கீழே பைசெப்ஸ் கிளை பிரியும், இன்னும் நான்கைந்து செ.மீ. கீழே பிரேக்கியாலிஸ் கிளை. உணர்வுக் கிளை தொடர்ந்து கீழே போகும், அதைத் தசைக் கிளை என்று பிடித்துவிடாதீர்கள். தசைக்குள் நுழைவதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அல்னார் பின் உள்பக்கத்தில் இருக்கும். மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவந்து, பைசெப்ஸ் கிளைக்கு நேர் எதிரே உறையை ஒன்றரை செ.மீ. நீளவாக்கில் திறக்கவும். ஸ்டிமுலேட்டர் 0.5 மில்லி ஆம்பியர், முடிந்தால் அதற்கும் கீழே. கூட்டினால் பக்கத்துக் கற்றைக்கும் கரண்ட் பரவி எல்லாமே அசையும், எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாது. ஒருவர் கையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக மடங்கினால் அது நமக்கு வேண்டிய கற்றை. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிக்கும் நடுவே உள்ள சதை துடித்தால் விட்டுவிடுங்கள், அது கைக்குள் இருக்கும் சிறு தசைகளின் கற்றை. ஒன்றுமே அசையவில்லை என்றால் உணர்வுக் கற்றை, அதை எடுத்தால் இரண்டு பக்கமும் நஷ்டம். மொத்த நரம்பில் பத்தில் ஒரு பங்கு போதும்.

கொடுக்கும் நரம்பைக் கீழே தள்ளி வெட்டு, வாங்கும் நரம்பை மேலே தள்ளி வெட்டு. இந்த விதியை மறந்தால் நுனிகள் சேராது. 9-0 அல்லது 10-0 நைலானில் இரண்டு மூன்று தையல், மேலே ஃபைப்ரின் பசை. மூடுமுன் தோளை விரித்து முழங்கையை நீட்டிப் பாருங்கள். தையல் இடத்தில் இழுப்புத் தெரிந்தால் பிரித்து மறுபடி செய்யுங்கள், நாளைக்குச் சரியாகும் என்று விடாதீர்கள்.

சுண்டுவிரலில் சில வாரம் மதமதப்பு இருக்கும். நோயாளியிடம் முன்பே சொல்லுங்கள், இல்லையென்றால் நல்ல கையையும் கெடுத்துவிட்டார்கள் என்று வீடு முழுக்கப் பேச்சாகிவிடும்.

பி.ஜி_எலும்பு
சார், ஆக்ஸெஸரியை முன்னாலிருந்து எடுப்பதா பின்னாலிருந்தா?

கிராஃப்ட்_கட்சி
கழுத்தைத் திறப்பதாக இருந்தால் முன்னால், அதே கீறலில். திறக்கவில்லையென்றால் பின்னால் நல்லது. ஸ்கேபுலா (தோள்பட்டை எலும்பு) நாட்சிலேயே (மேல் விளிம்புப் பள்ளம்) இரண்டாவது அடி இருந்தால் அதற்குக் கீழே போய்விடலாம். ஸ்கேபுலாவின் உள் விளிம்புக்கும் அக்ரோமியனுக்கும் நடுப்புள்ளியில் சுப்ராஸ்கேபுலார், குறுக்கு லிகமென்ட்டுக்கு அடியில். தமனி லிகமென்ட்டுக்கு மேலே, கத்தரிக்குமுன் அதை ஒதுக்குங்கள். நடுக்கோட்டுக்கும் அக்ரோமியனுக்கும் இடையே உள்ள தூரத்தில் உள்ளேயிருந்து 40 சதவீதத்தில் ஆக்ஸெஸரி இருக்கும், டிரபீசியஸுக்கு அடியில். மேல் டிரபீசியஸுக்குப் போகும் கிளைகளை விட்டுவிட்டு அதற்குக் கீழேதான் வெட்ட வேண்டும். அதை மறந்தால் தோள் தூக்குவதும் போகும்.

தெரபி_மேசை
"ஃபிசியோ கொடுத்துப் பார்ப்போம்" என்று எங்களை இழுத்ததால் சொல்கிறேன். ஃபிசியோ நரம்பை வளர்க்காது. மூட்டைக் காப்பாற்றும், அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிய வேலை. நரம்பு வந்து சேரும்போது தோள் கல்லாகியிருந்தால் எந்த அறுவையும் வீண். வெளிப்பக்கத் திருப்பம்தான் முதலில் போகும். தினம் இரண்டு வேளை, படுக்கவைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மெதுவாக வெளியே. கைத்தொட்டில் நடக்கும்போது போதும், நாள் முழுக்க மாட்டினால் முழங்கை மடங்கியபடியே இறுகும்.

கிரேடு போடுகிறவர்கள் ஏமாறும் இடங்களையும் சொல்கிறேன். பிரேக்கியோரேடியாலிஸ் இருந்தாலே முழங்கை மடங்கும், பைசெப்ஸில் விரல் வைக்காமல் எழுதக் கூடாது. மணிக்கட்டை இறுக்கி மடக்கி, முன்கைத் தசைகளாலேயே முழங்கையைத் தூக்கிவிடுகிறவர்களும் உண்டு. டிரபீசியஸால் தோளைக் குலுக்கினால் கை 20, 30 டிகிரி விலகும், அது டெல்டாய்டு இல்லை. உடம்பைச் சாய்த்துக் கையை வீசினால் வெளித்திருப்பம் போலத் தெரியும்.

ராம்பாய்டு பார்க்க: கையை இடுப்பில் வைத்து முழங்கையைப் பின்னால் தள்ளச் சொல்லி, ஸ்கேபுலா உள் விளிம்பில் விரல் வையுங்கள். செராட்டஸுக்குச் சுவரைத் தள்ளச் சொல்ல முடியாது, கை தூங்குகிறதே. மல்லாக்கப் படுக்கவைத்து, கையை நீங்கள் கூரையை நோக்கிப் பிடித்துக்கொண்டு, அவரைத் தோளோடு மேலே தள்ளச் சொல்லுங்கள்.

அறுவைக்குப் பிறகு மூன்று வாரம் அசையாமல், பிறகு பழையபடி மூட்டு வேலை. ஓபர்லின் செய்தவர் மணிக்கட்டை இறுக்கி மடக்கிக்கொண்டே முழங்கையை நினைக்க வேண்டும். டிரைசெப்ஸ் மாற்று என்றால் முழங்கையை நீட்டிக்கொண்டே தோள் தூக்க, ஆக்ஸெஸரி என்றால் தோளைப் பின்னால் இழுத்துக்கொண்டே. விலா நரம்பைத் திருப்பியிருந்தால் ஆழ்ந்த மூச்சும் இருமலும். முதல் துடிப்பு மூன்று முதல் ஐந்து மாதத்தில். அதுவரை வரவில்லையே என்று பயிற்சியை நிறுத்தினவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். உணர்வில்லாத கட்டைவிரலால் டீ டம்ளர், குக்கர் மூடி தொட வேண்டாம், பைக் சைலன்ஸர் பக்கமே வேண்டாம். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

புதுவரவு
இடையில் ஒரு கேள்வி. ஐந்து வேரும் போனவர்களுக்கும் இதே வழிதானா?

நைலான்_10_0
இல்லை. அங்கே அல்னாரும் மீடியனுமே செத்திருக்கும், கடன் கொடுக்க ஆள் இல்லை. 3, 4, 5-ஆம் விலா நரம்புகளை மஸ்குலோகியூட்டேனியஸுக்கு, ஆக்ஸெஸரியைத் தோளுக்கு. விலா முறிந்த இடத்து நரம்பை நம்ப வேண்டாம். எடுக்கும்போது ப்ளூரா (நுரையீரல் உறை) கிழிந்ததா என்று தண்ணீர் விட்டு நுரையீரலை ஊதிப் பாருங்கள். கையை 90 டிகிரி விரித்த நிலையில் தைக்க வேண்டும், கீழே வைத்துத் தைத்தால் முதல் முறை கை தூக்கும்போதே பிய்ந்துவிடும். ஷாங்காயில் கு யூதோங் 1986-ல் தொடங்கின எதிர்ப்பக்க சி7 (நல்ல பக்கத்து வேரிலிருந்து கடன்), ஜப்பானின் டோய் முறையான இரட்டை கிராசிலிஸ் (தொடையின் உள்பக்கத் தசை) மாற்று எல்லாம் இந்த வகைக்குத்தான். ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமாக வந்தவர்களுக்கும் நரம்பு வேலையை விட்டுவிட்டு கிராசிலிஸ், தசைநாண் மாற்று என்று போவோம். தோளுக்கு டிரபீசியஸை இறக்கி வைக்கும் முறை கல்கத்தாவின் சாஹா எழுதியது. பிரசவத்தில் வரும் குழந்தைகள் காயம் வேறு கணக்கு, தனி இழை போடுங்கள்.

வேப்பரைசர்
அந்த வகையில் வலியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிடுங்கின வேரின் வலி எரிச்சலாக இருக்கும், நடுநடுவே கரண்ட் ஷாக் மாதிரி வெட்டும். பாராசிட்டமாலுக்கு அடங்காது. காபாபென்டின் இரவில் 300 மி.கி.யில் தொடங்கி வாரக்கணக்கில் ஏற்றுவது, கூட அமிட்ரிப்டிலின் 10 அல்லது 25. சிறுநீரகம் பார்த்து. அமெரிக்காவின் ட்யூக்கில் நஷோல்ட் தொடங்கின ட்ரெஸ் (தண்டுவடத்தில் வேர் நுழையும் இடத்தைச் சுடும்) அறுவை, மருந்தெல்லாம் தோற்றவர்களுக்கு மட்டும்.

பி.ஜி_எலும்பு
எல்லோருக்கும் நன்றி. இன்று மறுபடி பார்த்தேன். ராம்பாய்டு 5. செராட்டஸ் நன்றாகத் தள்ளுகிறது. டிரைசெப்ஸ் நீள் தலை விரலுக்குக் கெட்டியாகவே படுகிறது, 4 கொடுக்கலாம். எக்ஸ்ரேயில் வலது உதரவிதானம் கொஞ்சம் மேலே.

ஊசிமுனை
வலது பக்கம் கல்லீரல் இருப்பதால் ஒன்றிரண்டு செ.மீ. மேலேதான் இருக்கும். அல்ட்ராசவுண்டில் மூச்சு இழுக்கும்போது இரண்டும் இறங்குகின்றனவா என்று பாருங்கள், அது போதும்.

கிராஃப்ட்_கட்சி
ராம்பாய்டுக்கு நரம்பு சி5 வேரின் தொடக்கத்திலிருந்தே போகும், அது 5 என்றால் சி5-இன் அடி முடிச்சுக்கு வெளியேதான். கழுத்தைத் திறக்க இது போதுமான காரணம், நைலான் சார்?

நைலான்_10_0
போதும். சி5-ஐத் திறந்து பாருங்கள், துண்டு நன்றாக இருந்தால் பின் பிரிவுக்கு ஒட்டு, டிரைசெப்ஸைத் தொட வேண்டாம். கெட்டிருந்தால் டிரைசெப்ஸ் மாற்று. முழங்கைக்கு எப்படியும் இரட்டைக் கற்றை (அல்னார், மீடியன்). பி.ஜி., இந்த வாரமே அனுப்புங்கள். கூடவே ஒரு வரி எழுதுங்கள்: இரண்டு காலிலும் கணுக்கால் வெளிப்பக்கம் பழைய காயமோ தையலோ இருக்கிறதா என்று. சூரல் எடுக்க அங்கேதான் கீற வேண்டியிருக்கும்.